இரைச்சல் இல்லாத ப்ளூ-ரே பிளேயர்: வைட்ஃபீல்ட் வீட்டுக்கு ஒன்று வாங்கும் வழி

பெங்களூரு வைட்ஃபீல்ட் மால்களின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குள் நுழைந்து ப்ளூ-ரே பிளேயர் கேட்டால், விற்பனையாளர் பெரும்பாலும் இன்னொருவரைக் கூப்பிடுவார். சுவர் நிறைய டி.வி. இருக்கும், சவுண்ட்பார் இருக்கும், பிளேயர் மட்டும் இருக்காது. காரணம் கடைக்காரர் அல்ல. ஆப்போ டிஜிட்டல் 2018 ஏப்ரலில் இந்தத் தொழிலை விட்டு விலகியது. சாம்சங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்கு இனி புது மாடல் கிடையாது என்றது. எல்ஜி 2024 கடைசியில் கையை உதறியது. பெரிய பெயர்களில் மிச்சம் சோனியும் பானாசோனிக்கும்தான்.

ஆகவே இன்று பிளேயர் வாங்க மூன்று வழிகள் இருக்கின்றன: இணையத்தில் புதிது, வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவருவது, பழையது. 1990களின் பிற்பாதியில் ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்கா வந்ததிலிருந்து, வேலைக்காக வருவதும் வேலை மாறிப் போவதுமாக இருக்கும் இந்த வட்டாரத்தில் பின்னிரண்டு வழிகளுக்கும் பஞ்சமில்லை. அடுக்ககக் குழுக்களில் “வீடு காலி செய்கிறோம்” என்ற தலைப்பில் வரும் பட்டியலில் மிக்ஸிக்கும் மெத்தைக்கும் நடுவில் பிளேயர் ஒன்று தலைகாட்டுவதுண்டு. விலை மலிவாக இருக்கும். ஆனால் அது சத்தம் போடுமா, நம்மிடம் உள்ள டிஸ்கைப் படிக்குமா என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. இந்த அத்தியாயம் அந்த இரண்டைப் பற்றியது.

முதலில் அலமாரியைத் திறக்கவும்

மாடல் பெயர்களைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை வீட்டிலேயே இருக்கிறது.

1. கையில் உள்ள டிஸ்குகளை டிவிடி, ப்ளூ-ரே, 4கே அல்ட்ரா எச்.டி. ப்ளூ-ரே என்று மூன்று குவியலாகப் பிரிக்கவும். 4கே டிஸ்க் பெரும்பாலும் கறுப்புப் பெட்டியில் வரும், ப்ளூ-ரே நீலப் பெட்டியில்.

2. ஒவ்வொரு பெட்டியின் பின்னட்டையிலும் மண்டலக் குறியைப் பார்க்கவும். ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என்ற எழுத்து. டிவிடிக்கு 1 முதல் 6 வரை எண், அல்லது எல்லா இடத்திலும் ஓடும் என்ற குறி.

3. அடுத்த இரண்டு வருடத்தில் எந்த வகை டிஸ்க் வாங்கப் போகிறோம் என்று நேர்மையாக எழுதிக்கொள்ளவும். ஆசைக்கு எழுதக் கூடாது.

4. டி.வி. 4கேயா, காட்சியின் ஒளி, நிற வீச்சைக் கூட்டும் டால்பி விஷன் உண்டா என்று அதன் கையேட்டில் பார்க்கவும். சாம்சங் டி.வி.களில் டால்பி விஷன் கிடையாது. அதற்காகக் கூடுதல் விலை கொடுத்துப் பிளேயர் வாங்கி சாம்சங் டி.வி.யில் இணைப்பவர் பணத்தை வீணாக்குகிறார்.

இந்தியா ப்ளூ-ரேயில் சி மண்டலம், டிவிடியில் 5ஆம் மண்டலம். அமெரிக்காவும் ஜப்பானும் தென்கிழக்கு ஆசியாவும் ஏ. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி. இது வெறும் தாள் விவரம் அல்ல. சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் கருகின. அவற்றில் மீட்க முடிந்ததையும் பிற பிரதிகளையும் வைத்து போலோனா நகரின் லிம்மாஜினே ரித்ரோவாத்தா கூடத்தில் சீரமைத்து, கிரைடீரியன் நிறுவனம் 2015இல் ப்ளூ-ரேயாக வெளியிட்டது. இந்தியப் படங்களின் அந்த அருமையான பதிப்பு ஏ மண்டலத்துக்கானது. இந்தியாவில் விற்பனைக்கு வந்த சி மண்டலப் பிளேயரில் போட்டால், திரையில் வருவது மறுப்புச் செய்திதான்.

4கே டிஸ்குகளுக்கு மண்டலப் பூட்டு இல்லை. எந்த ஊரில் வாங்கியதும் எங்கும் ஓடும்.

குறிப்பு: 4கே பெட்டிக்குள் கூடவே வரும் சாதாரண ப்ளூ-ரே டிஸ்குக்குப் பூட்டு இருக்கலாம். கூடுதல் காட்சிகளும் பேட்டிகளும் பல நேரம் அந்த இரண்டாவது டிஸ்கில்தான் இருக்கும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

கோட்பாடு கொஞ்சம் போதும். பிளேயரில் ஒலி எழுப்புபவை நான்கு: டிஸ்கைச் சுழற்றும் மோட்டார், லேசர் தலையை நகர்த்தும் பொறி, குளிர்விக்கும் விசிறி, இவை எல்லாவற்றின் அதிர்வையும் வாங்கிப் பெருக்கும் பெட்டி. விளம்பரத்தில் விசிறியைப் பற்றி மட்டும் பேசுவார்கள். வீட்டில் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் மோட்டாரும் பெட்டியும்தான்.

ப்ளூ-ரேயின் அடிப்படை வேகம் நொடிக்கு 36 மெகாபிட். அந்த வேகத்தில் டிஸ்கின் உள்வட்டத்தைப் படிக்கும்போது அது நிமிடத்துக்குச் சுமார் 1,950 முறை சுழல்கிறது. வெளிவிளிம்புக்கு வரும்போது சுமார் 800 முறை போதும். டிவிடி இதைவிட மெதுவாகச் சுழலும். 4கே டிஸ்கிலிருந்து நொடிக்கு 100 மெகாபிட்டுக்கும் மேல் வரலாம் என்பதால் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டும். ஒரே பிளேயர் டிவிடிக்கு மௌனமாகவும் 4கேக்கு ‘ஊஊ’ என்றும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதிலிருந்து வாங்குபவருக்கு உதவும் ஒரு விஷயம் கிடைக்கிறது. இரட்டை அடுக்கு டிஸ்கில் லேசர் முதல் அடுக்கை உள்ளிருந்து வெளியே படித்துப் போகும். இரண்டாம் அடுக்கை வெளியிலிருந்து உள்ளே படித்து வரும். ஆகவே டிஸ்க் வேகமாகச் சுழல்வது பெரும்பாலும் படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும்தான். விற்பவர் இடைவேளைக் காட்சியைப் போட்டு “பாருங்க, சத்தமே இல்ல” என்றால் அது சோதனையே அல்ல.

இன்னொன்று: கையில் 4கே டிஸ்க் இல்லாமல் பணம் கொடுத்து வாங்கும் 4கே வசதி, சத்தத்துக்கும் செலவுக்கும் சேர்த்துப் போடும் அழைப்பு. அலமாரியில் டிவிடியும் ப்ளூ-ரேயும் மட்டுமே உள்ள வீட்டுக்கு, நல்ல நிலையில் உள்ள சாதாரண ப்ளூ-ரே பிளேயர்தான் லாபம். தமிழ்க் குடும்பங்களில் பல இந்த வகைதான். மோசர் பேர் நிறுவனக் காலத்து மலிவு டிவிடிகள் இன்னும் அட்டைப் பெட்டிகளில் தூங்குகின்றன.

எந்தப் பெட்டியைத் தேடுவது

பெட்டியின் எடை ஒரு நல்ல துப்பு. கனமான அடித்தட்டு அதிர்வை விழுங்கும். மெல்லிய தகரமும் பிளாஸ்டிக்கும் அதைப் பாடவைக்கும். சோனி யூபிபி-எக்ஸ்700 சுமார் 1.4 கிலோ. அதே நிறுவனத்தின் எக்ஸ்800எம்2 சுமார் 3.8 கிலோ. பானாசோனிக் டிபி-யூபி820 சுமார் 2.4 கிலோ, உச்ச மாடலான யூபி9000 சுமார் 7.8 கிலோ. எடை மட்டுமே தீர்ப்பு சொல்லிவிடாது. ஆனால் விலை அருகருகே இருந்தால் கனமானதன் பக்கம் சாய்வதில் தவறில்லை.

எக்ஸ்700 மாடலில் டால்பி விஷன் உண்டு, ஆனால் அது தானாக இயங்காது. படத்துக்கு ஏற்ப அமைப்பில் போய் இயக்கவும் அணைக்கவும் வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இது எரிச்சல். அதற்குப் பதிலாக எஸ்.ஏ.சி.டி. இசை டிஸ்கையும் அது படிக்கும். பானாசோனிக் யூபி820 டால்பி விஷனையும் அதே வகையான எச்.டி.ஆர்.10+ஐயும் காட்டும், எஸ்.ஏ.சி.டி. படிக்காது. அதன் தம்பி யூபி420இல் டால்பி விஷன் இல்லை.

4கே தேவைப்படாதவர்கள் சோனியின் பிடிபி-எஸ்3700, எஸ்6700 போன்ற பழைய மாடல்களைப் பழைய சந்தையில் தேடலாம். இவை இறகு மாதிரி லேசானவை. சரியான இடத்தில் வைத்தால் சத்தம் அடங்கும். வழி பின்னால் வருகிறது.

ஆப்போ யூடிபி-203 வெளியானபோது 549 டாலர், 205 மாடல் 1,299 டாலர். ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். கட்டுமானம் அபாரம்தான், ஆனால் நிறுவனமே இல்லாத பொருளுக்கு வெளியீட்டு விலையைவிட அதிகம் கேட்கிறார்கள். லேசர் போனால் மாற்றுப் பாகத்துக்கு எங்கே போவது? மதிப்பு பார்த்து வாங்குபவர் இதை விட்டுவிடலாம்.

வீட்டில் ஏற்கனவே கேம் கன்சோல் இருந்தால் புதிதாக எதுவும் வாங்காமலே முடியலாம். டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே டிஸ்கைப் படிக்கும். பிளேஸ்டேஷன் 4, அதன் ப்ரோ மாடல் இரண்டும் சாதாரண ப்ளூ-ரேயோடு நின்றுவிடும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் மாடலில் டிரைவே கிடையாது. அமைதிக்கு இவை எதுவும் பேர்போனவை அல்ல. முதலில் ஒரு படம் முழுக்க ஓட்டிப் பார்த்து, அது தொல்லையா என்று முடிவெடுக்கவும்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவரும் பிளேயர்

வைட்ஃபீல்டில் அதிகம் நடக்கும் தவறு இது. நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது தள்ளுபடியில் ஒன்று வாங்கி வருவார். பெட்டியைப் பிரித்ததும் பிளக் பொருந்தாது. அது மிகச் சின்னப் பிரச்சினை. பெரியவை நான்கு.

1. மின்னழுத்தம். பின்பக்கத்தில் ஒட்டியுள்ள சீட்டில் 100–240 வோல்ட் என்று இருந்தால் பிளக் அடாப்டர் போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக் கூடாது. பிளக் அடாப்டர் துளைகளைத்தான் பொருத்தும், மின்னழுத்தத்தைக் குறைக்காது. வடிவத்தைப் பார்த்து நம்பிச் செருகியவர்களின் பிளேயர் முதல் விநாடியிலேயே புகைந்துவிடும்.

2. மின்மாற்றி. ஸ்டெப்-டவுன் மின்மாற்றி வைத்தால் 120 வோல்ட் பிளேயரும் ஓடும். ஆனால் அந்த மின்மாற்றியே ‘ம்ம்’ என்று முனகும். அமைதியான பிளேயர் வாங்கி அதன் பக்கத்தில் முனகும் பெட்டியை வைப்பதில் என்ன பயன்?

3. மண்டலம். அமெரிக்கப் பிளேயர் ஏ மண்டல ப்ளூ-ரே, 1ஆம் மண்டல டிவிடி. இந்தியாவில் வாங்கிய, மண்டலம் குறித்த டிஸ்குகள் அதில் ஓடாது. கிரைடீரியன் டிஸ்குகளை மட்டுமே சேர்ப்பவருக்கு இதுவே வசதியாகிவிடும் என்பதும் உண்மை.

4. டிவிடியின் ஒளிபரப்பு முறை. அமெரிக்காவில் விற்கும் பல பிளேயர்கள் பி.ஏ.எல். முறை டிவிடியை ஏற்பதில்லை. இந்திய டிவிடிகள் பலவும் அந்த முறைதான், பின்னட்டையில் போட்டிருக்கும். அப்பாவுடைய சிவாஜி படத் தொகுப்பு முழுவதும் இப்படி ஒரே நாளில் ஊமையாகலாம்.

வாங்கும் முன்பே அண்ணனிடம் பின்பக்கச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லவும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருவதென்றால் மின்னழுத்தம் நமக்கு ஒத்துவரும். ஆனால் மண்டலங்கள் வேறு: ப்ளூ-ரேக்கு ஏ, டிவிடிக்கு 3.

“எல்லா மண்டலமும் ஓடும்” என்று மாற்றியமைத்து விற்பவர்களும் உண்டு. மாற்றிய பிளேயருக்கு நிறுவன வாரண்டி போய்விடும். அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் அந்த மாற்றம் செயலிழக்கவும் கூடும்.

பழையதைச் சோதிக்கும் வரிசை

நகரத்துக்குள் தேடுபவர்களுக்கு எஸ்.பி. ரோடும் காந்திநகர் நேஷனல் மார்க்கெட்டும் பழக்கமான இடங்கள். 2023 அக்டோபரில் மெட்ரோவின் ஊதா வழித்தடம் முழுதாக இணைந்த பிறகு, காடுகோடியில் ஏறி மெஜஸ்டிக்கில் இறங்கலாம், கே.ஆர். புரம் நெரிசலில் பிளேயரை மடியில் வைத்துத் தவிக்க வேண்டாம். பொங்கலுக்குச் சென்னை போகிறவர்கள் ரிச்சி தெருவிலும் விசாரிக்கலாம். எங்கே போனாலும் சொந்த டிஸ்குகளைக் கையோடு கொண்டுபோகவும்: ஒரு டிவிடி, இரண்டு ப்ளூ-ரே, தேவையென்றால் ஒரு 4கே. இரண்டு ப்ளூ-ரே எதற்கு என்றால், சமநிலை தவறிய ஒற்றை டிஸ்க் நல்ல பிளேயரையும் அதிரவைக்கும்.

1. பின்பக்கச் சீட்டில் மாடல், மின்னழுத்தம், மண்டலம் மூன்றையும் படிக்கவும். திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், காரணம் கேட்கவும்.

2. டிஸ்க் இல்லாமல் இயக்கி, காதைப் பின்பக்கம் கொண்டுபோகவும். இப்போது கேட்பது விசிறியின் சத்தம் மட்டும். தொடர்ந்த சலசலப்பு இருக்கலாம். ‘கர் கர்’ என்ற உரசல் இருக்கக் கூடாது.

3. ட்ரேயை ஐந்தாறு முறை திறந்து மூடவும். தயங்கினாலோ பாதியில் நின்றாலோ உள்ளே பெல்ட் தளர்ந்திருக்கும்.

4. ப்ளூ-ரேயைப் போட்டு, டி.வி. ஒலியை முழுக்க அணைத்து, முதல் காட்சியை ஓட்டவும். கடைத்தெரு இரைச்சலில் காது ஏமாறும். உள்ளங்கையை மூடியின் மேல் வைத்தால் அதிர்வு தெரியும். கை சொல்வது வீட்டில் இரவில் காதுக்குக் கேட்கும்.

5. கடைசி அத்தியாயத்துக்குத் தாவி அதையே செய்யவும். பிறகு நடுவில் அங்குமிங்கும் தாவவும். லேசர் பலவீனமாக இருந்தால் இங்கேதான் படம் உறையும்.

6. அரை மணி நேரம் ஓடவிடவும். சூடேறிய பிறகுதான் விசிறி வேகமெடுக்கும், பழைய லேசர் திணறும். விற்பவர் அவசரப்படுத்தினால் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைக்கலாம். விலையைவிட இந்த அரை மணி முக்கியம்.

7. அமைப்பில் போய் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பவும். பழைய உரிமையாளரின் கணக்குகள் அழிந்துவிடும். ரிமோட்டின் எல்லா பட்டன்களையும் அழுத்திப் பார்க்கவும்.

எச்சரிக்கை: உள்ளே பார்க்கும் ஆர்வத்தில் மூடியைத் திறந்து ஓட்டக் கூடாது. மின்வழங்கிப் பலகையில் மின்சாரம் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் தங்கியிருக்கும். லேசர் கண்ணுக்குத் தீங்கு செய்யாமல் தடுப்பதும் அந்த மூடிதான்.

கைபேசியில் டெசிபல் அளக்கும் செயலியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இவ்வளவு மெல்லிய ஒலியில் கைபேசி மைக்கின் சொந்த இரைச்சலே எண்ணாக வந்துவிடும். ஒரே இடத்தில் வைத்து இரண்டு பிளேயர்களை ஒப்பிட மட்டும் அது உதவும்.

வீட்டில் வைக்கும் இடம்

நல்ல பிளேயரைக் கெடுப்பதும் சுமாரானதைக் காப்பாற்றுவதும் அதன் அடியில் உள்ள பலகைதான். அடுக்ககங்களில் இன்டீரியர்காரர்கள் செய்துதரும் டி.வி. யூனிட் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் உள்ள மெல்லிய பலகை. மோட்டாரின் அதிர்வை மத்தளம் மாதிரி வாங்கிக்கொள்ளும்.

1. சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் அல்லது கடப்பா கல் துண்டு ஒன்றைப் பிளேயரின் அளவுக்கு வெட்டி வாங்கவும். கல் கடைகளில் துண்டுகள் கிடக்கும்.

2. கல்லுக்கு அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு வைக்கவும். கல்லின் மேல் பிளேயர் தன் சொந்தக் காலில் நிற்கட்டும்.

3. மேலேயும் பின்னாலேயும் ஒரு கையகலம் இடைவெளி விடவும். கண்ணாடிக் கதவு போட்டு மூடினால் சத்தம் குறையும், வெப்பம் ஏறும், விசிறி இன்னும் கத்தும்.

4. ஆம்ப்ளிஃபயரின் மேல் அடுக்க வேண்டாம். கீழிருந்து வரும் சூடு லேசரின் ஆயுளைத் தின்னும்.

5. உட்காரும் இடத்திலிருந்து தூரம் கூட்டவும். ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குத் தள்ளினாலே வித்தியாசம் கேட்கும். தேவையானால் நீளமான எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கலாம், 4கேக்கு ‘பிரீமியம் ஹைஸ்பீட்’ சான்று உள்ளதாக இருக்கட்டும்.

பூவேலை செய்த துணியால் மூடிவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் போகவில்லை. ஓடும்போது துணியை எடுத்துவிட வேண்டும். காற்றுத் துளைகள் அடைபட்டால் பிளேயர் வெந்துபோகும். மேலே பூச்சாடி வேண்டாம், விளக்கு வேண்டவே வேண்டாம்.

கட்டட வேலை ஓயாத இந்தப் பகுதியில் தூசி ஒரு தனி எதிரி. வாரம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் காற்றுத் துளைகளைத் துடைத்தால் போதும். தூரிகை பொருத்திய ‘லேசர் சுத்தம் செய்யும்’ டிஸ்குகளைப் போட வேண்டாம். டிஸ்கைத் துடைப்பதென்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்கவும், வட்டமாக அல்ல. ப்ளூ-ரேயில் தகவல் இருப்பது மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான். டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர்.

மின்சாரமும் முதல் இரவு அமைப்பும்

பெஸ்காம் மின்சாரம் போய் அடுக்ககத்து ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடிகளில் டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தால் பிளேயருக்குச் சங்கடம். நல்ல ஸ்பைக் பஸ்டர் வழியாக இணைக்கவும். மின்சாரம் வந்துபோய் ஆடினால் சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருக்கவும். ஏப்ரல், மே மாத இடிமழையில் பிளக்கையே பிடுங்கிவிடுவது பாதுகாப்பு. எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகும்போதும் எடுக்கும்போதும் டி.வி., பிளேயர் இரண்டும் அணைந்திருக்க வேண்டும்.

அமைப்பில் மூன்றை மட்டும் முதல் நாளே மாற்றினால் போதும். ‘விரைவுத் தொடக்கம்’ என்ற வசதியை அணைக்கவும். அது அணைத்த பிறகும் பிளேயரைப் பாதி விழிப்பில் வைத்து மின்சாரம் தின்னும், சிலவற்றில் விசிறியையும் ஓட்டும். படங்களுக்கு 24 ஃப்ரேம் வெளியீட்டைத் ‘தானாக’ என்று வைக்கவும். இரவில் பார்ப்பவர்கள் ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் ‘டி.ஆர்.சி.’ அமைப்பை இயக்கவும்: வசனம் கேட்கும், வெடிச்சத்தம் பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் விதிப்படி அனுமதி 45 டெசிபல்தான் என்பதைச் சங்கச் செயலாளர் நினைவுபடுத்தும் நிலை வராமல் இருக்கும்.

பிறகு மென்பொருளைப் புதுப்பிக்கவும். புது டிஸ்குகளில் உள்ள பாதுகாப்புச் சாவிகள் மாறிக்கொண்டே இருக்கும். பழைய மென்பொருளோடு உள்ள பிளேயர் சமீபத்திய படத்தைப் படிக்க மறுக்கலாம். இணைய இணைப்பு இல்லாத மாடலுக்கு நிறுவனத் தளத்திலிருந்து பென்டிரைவில் இறக்கிச் செருகலாம். புதுப்பிப்பு ஓடும்போது மின்சாரம் போனால் பிளேயர் செங்கல்லாகிவிடும். அதனால் மின்வெட்டு அறிவிப்பு உள்ள நாளில் இதைச் செய்ய வேண்டாம், யு.பி.எஸ். இருந்தால் அதில் இணைத்துச் செய்யவும்.

இணையத்தில் வாங்கியிருந்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஓர் இரவு இதைச் செய்யவும்: மின்விசிறியையும் ஏ.சி.யையும் அணைத்து, டி.வி. ஒலியை நிறுத்தி, வழக்கமாக உட்காரும் இடத்தில் அமர்ந்து, மிக வேகமாகச் சுழலும் டிஸ்கின் முதல் பத்து நிமிடத்தை ஓட்டவும். சத்தம் கேட்டால் கல்லின் மேல் வைத்து இன்னொரு முறை ஓட்டவும். அப்போதும் கேட்டால், அட்டைப் பெட்டியும் தெர்மோகோலும் பில்லும் பத்திரமாக இருக்கும்போதே திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிவு செய்யவும்.